ஒரே செகண்டில் இரண்டு வரி

நான் எழுதிக் கொடுத்த முதல் ரிப்போர்ட்டில் ஒரு பொய்கூடக் கிடையாது. அதனாலேயே ஒரு மனுஷனுக்கு வேலை போகப் பார்த்தது. இரண்டாவது ரிப்போர்ட்டைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம், ஆடி மாசம். அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் கம்பெனியில் மொத்தமே ஒன்பது பேர். முதலாளி ஜானகிராமன் சார் ஒரு கார்டு செய்திருந்தார். அதைக் கம்ப்யூட்டருக்குள் செருகினால் எட்டு ஒயர்களை அதில் மாட்டலாம். எட்டு இடத்திலிருந்து எழுத்துகள் வந்து சேரும். ஒயர் மாட்டுகிற அந்த வாய்க்கு சீரியல் போர்ட் என்று பெயர். கார்டு அவருடையது. அதோடு பேசுகிற டிரைவர் என்னுடையது. டிரைவர் உட்கார்ந்திருப்பது கெர்னலுக்குள்ளே. கம்ப்யூட்டரில் எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுவது கெர்னல்தான். அங்கே ஒரு தப்பு நடந்தால், மேலே இருக்கிற யாருக்கும் தப்பு எங்கே என்றே தெரியாது.

ஆயிரத்து நூறு வரி எழுதியிருந்தேன். ஒவ்வொரு வரியும் நான் பெற்ற பிள்ளை என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். கல்யாணமாகாத பெண் பேசுகிற பேச்சா இது என்று ஆவடி குவார்ட்டர்ஸில் அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

எங்கள் கார்டை வாங்கியவர்களில் ஒரு பல்சக்கரத் தொழிற்சாலையும் உண்டு. எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி. அங்கே இரண்டு பர்னஸ். பல்சக்கரங்களை அதற்குள் வைத்துச் சூடேற்றி எண்ணெயில் போட்டுக் கெட்டிப்படுத்துவார்கள். ஒவ்வொரு பர்னஸ் பக்கத்திலும் ஒரு சின்னப் பெட்டி, அதில் ஒரு பட்டன். அரை மணிக்கு ஒருதரம் ஆபரேட்டர் அந்தப் பட்டனை அமுக்க வேண்டும். அப்போதைய சூடு ஒயர் வழியாக சூப்பர்வைசர் அறைக் கம்ப்யூட்டருக்குப் போகும். கம்ப்யூட்டர் அதற்கு மணி, நிமிஷம், செகண்டு போட்டு, லாக் என்கிற பதிவில் ஒரு வரியாக எழுதிக்கொள்ளும். ஷிப்ட் முடிந்ததும் பிரிண்ட். கையால் எழுதுகிற நோட்டுப்புத்தகத்தை அதோடு ஒழித்துவிட்டார்கள்.

ஒருநாள் அந்தத் தொழிற்சாலை மேனேஜர் ஜம்புலிங்கம் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். மேஜைமேல் ஒரு கட்டுப் பிரிண்ட் அவுட்.

"பாரும்மா. கஜபதின்னு ஒரு ஆபரேட்டர். அவன் எந்த ஷிப்ட்ல வந்தாலும் பல நாள் அந்த ஷிப்ட் பாதியில மொட்டை. நேத்து பாரு, ஏழரை மணி வரைக்கும் வரி வருது, அதுக்கப்புறம் ரெண்டு பர்னஸ்லயும் ஒண்ணுமே இல்ல. அடுத்த ஷிப்ட் ஆள் வந்து சூப்பர்வைசர் லாகை மூடித் திறந்தா நல்லா ஓடுது. மத்த ஆபரேட்டருங்க ஷிப்ட்ல ஒரு வரிகூட விட்டுப் போகல. உங்க டிரைவருக்கு கஜபதியைப் பிடிக்கலையா?"

எனக்குச் சுருக்கென்றது. டிரைவருக்கு ஆள் தெரியாது. கஜபதி அமுக்கினாலும் கடவுளே அமுக்கினாலும் வருவது அதே எழுத்துதான். "நான் செக் பண்றேன் சார்" என்று விறைப்பாகச் சொல்லிவிட்டு பர்னஸ் பக்கம் போனேன்.

ஒன்றாம் நம்பர் பர்னஸில் பட்டனை அமுக்கினேன். இருபது அடி நடந்துபோய் இரண்டாம் நம்பரில் அமுக்கினேன். திரும்ப வந்து ஒன்று. திரும்பப் போய் இரண்டு. அந்தச் சூட்டிலும் எண்ணெய் நாற்றத்திலும் ஒரு மணி நேரம் செருப்புத் தேய நடந்தேன். அங்கே இருந்தவர்கள், பொண்ணு ஏதோ வேண்டுதல் வைத்திருக்கிறது என்று சிரித்தார்கள். நூறு தடவை அமுக்கினேன். ஸ்க்ரீனில் நூறு வரி. ஒன்று குறையவில்லை.

தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஒயரில் கோளாறு என்றால் எல்லோருக்கும் நின்றிருக்க வேண்டும். கார்டு கோளாறு என்றாலும் அப்படியே. என் டிரைவர் கோளாறு என்றால், சனியன், அதற்கும் அப்படித்தான். கஜபதிக்கு மட்டும் நிற்கிற கோளாறு என்று உலகத்தில் ஒன்று உண்டா? அன்றைக்கு சாயங்காலம் பட்டரவாக்கத்தில் ரயிலேறி, உட்கார இடம் கிடைத்ததும், பிரிண்ட் அவுட்டை மடியில் விரித்துக்கொண்டு பார்த்தேன். அப்போதுதான் அது கண்ணில் பட்டது.

மற்றவர்கள் ஷிப்டில் ஒன்றாம் பர்னஸ் பத்து மணி இரண்டு நிமிஷம் என்றால், இரண்டாம் பர்னஸ் பத்து மணி ஒன்பது நிமிஷம் என்றிருந்தது. கஜபதி ஷிப்டில், வரிகள் வந்த வரைக்கும், இரண்டுக்கும் ஒரே நிமிஷம், ஒரே செகண்டு. ஒரு வரி அல்ல, எல்லா வரியும். இருபது அடி தள்ளி இருக்கிற இரண்டு பட்டன் எப்படி தினமும் ஒரே செகண்டில் அமுங்கும்? எனக்கு ஒரே ஒரு வழிதான் தோன்றியது. இரண்டு பெட்டியையும் ஒயரால் சேர்த்துவிட்டு ஒரு ஆளே அமுக்குகிறான், இன்னொரு ஆள் தூங்குகிறான். கொஞ்ச நேரத்தில் அமுக்குகிறவனும் தூங்கிவிடுகிறான்.

மறுநாள் ரிப்போர்ட் எழுதினேன். போர்ட்டுகள் நன்றாக வேலை செய்கின்றன, நூறு முறை சோதித்தாயிற்று. கஜபதி ஷிப்டில் இரண்டு பர்னஸ் பதிவுகளும் ஒரே செகண்டில் உள்ளன. இரண்டு பெட்டிகளும் இணைக்கப்பட்டு ஒருவரே அமுக்கியிருக்க வாய்ப்புண்டு.

வாய்ப்புண்டு என்றுதான் எழுதினேன். அந்தப் பெட்டிகளைத் திறந்து பார்க்கவில்லை. "நம்ம பக்கம் க்ளீன். வெரி குட்" என்றார் ஜானகிராமன் சார். நானும் பெரிய துப்பறிகிறவள் மாதிரி அன்றைக்குக் கூடுதலாக ஒரு டீ குடித்தேன்.

மூன்று வாரம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், பட்டரவாக்கம் பிளாட்பாரத்தில் ஒருவர் என்னிடம் வந்தார். நாற்பது வயசு இருக்கும். வலது முழங்கையில் பழைய சூட்டுத் தழும்பு. கையில் நாலாக மடித்த காகிதம்.

"மேடம், வரலட்சுமின்றது நீங்கதான?"

"ஆமா."

"என் பேரு கஜபதி. முத்தாபுதுப்பேட்ட. பர்னஸ்ல கீறேன். கீறேன் இன்னா, இருந்தேன்."

திட்டப் போகிறார் என்று ரெடியாகிவிட்டேன். எனக்கும் திட்டத் தெரியும். ஆனால் அவர் காகிதத்தைப் பிரித்து என் ரிப்போர்ட்டின் நகலைக் காட்டினார். ஒரு வரிக்கு அடியில் பென்சில் கோடு.

"இதுல ஒரே செகண்டுன்னு போட்டுகீறீங்க."

"ஆமா. அப்படித்தானே இருக்கு?"

"கரெக்ட்டு மேடம். ஒரே செகண்டுதான். அதுல இன்னா தப்பு கீதுன்னுதான் எனக்கு வெளங்கல. மூணு நாளா இத வெச்சுகினு பாத்துகினே கீறேன். படிச்சவங்க எழுதிகீறாங்க, எதாச்சும் இருக்கும்னு பாத்தா, நான் ஒழுங்கா வேல செஞ்சதத்தான் எழுதிகீறீங்க. அப்பாலிக்கா இன்னாத்துக்கு சார்ஜ் ஷீட்டு?"

கேலி செய்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. அந்த மனுஷன் நிஜமாகவே குழம்பிப் போயிருந்தார்.

"ரெண்டு பட்டனும் எப்படி ஒரே செகண்டுல அமுங்கும்?" என்றேன்.

"அமுக்குனா அமுங்கும்." சின்னக் குழந்தைக்குச் சொல்கிற மாதிரி சொன்னார். "ஒரே லாட்டு மேடம். பாதிய ஒண்ணாம் நம்பர்ல போடுவோம், பாதிய ரெண்டுல போடுவோம். ரெண்டு சூட்டையும் ஒரே டயத்துல பாத்தாத்தான ரெண்டும் ஒண்ணா கீதான்னு தெரியும்? இங்க பாத்துட்டு, ஒரு பீடி புட்ச்சிட்டு, அங்க போயி பாத்தா அது வேற சூடு. நான் ஒண்ணுல நிப்பேன். வேம்புலி ரெண்டுல நிப்பான். அவன் 'போடு'ம்பான். ரெண்டு பேரும் அமுக்குவோம். நோட்டுல எழுதுன காலத்துலேருந்து எங்களுக்கு அதான் பழக்கம்."

"மத்த ஷிப்ட்காரங்க?"

"அவங்க இஷ்டத்துக்கு அமுக்குவாங்க. கேட்டா எண்ணிக்க சரியா இருந்தா போதும்பாங்க."

"வேம்புலி எங்கே? அவரை வந்து சொல்லச் சொல்லலாமே."

"அவன் கான்ட்ராக்ட் ஆளு. கான்ட்ராக்ட் ஆளுக்கு இன்னா என்கொயரி? மறுநாளே கேட்டாண்ட நிறுத்திட்டாங்க. குத்தம்பாக்கத்துல யாரோ ஊடு கட்டுறாங்க, அங்க ஜல்லி தூக்குறான். எனக்காச்சும் புதன்கெழம என்கொயரி கீது. தூங்கிட்டான்னு எழுதி அனுப்பிட்டாங்கன்னா எஸ்டேட்ல வேற எந்தக் கம்பெனிக்காரன் எடுப்பான்? பதினாலு வருசம் மேடம்."

ரயில் வந்தது. அவரும் ஆவடிக்குத்தான். இரண்டு பேரும் ஏறி, எதிரெதிரே நின்றுகொண்டு போனோம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அதில் நான் எந்த இடம் என்று எனக்கு அன்றைக்குத் தெரிந்துபோனது. ஒரே செகண்டுக்குக் காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் மொட்டை? இவ்வளவு ஒழுங்காக அமுக்குகிறவன் ஷிப்டில் எதற்காகப் பதிவு நிற்க வேண்டும்? ஒழுங்கில்லாதவர்களுக்கெல்லாம் ஓடுகிறதே! அண்ணனூர் தாண்டும்போதுதான் எனக்கு உறைத்தது. நான் அன்றைக்கு நூறு தடவை அமுக்கினேன். நூறும் ஒன்று ஒன்றாக. ஒன்றிலிருந்து இரண்டுக்கு நடந்து போய். ஒரே சமயத்தில் இரண்டு போர்ட்டில் எழுத்து வந்தால் என் டிரைவர் என்ன செய்யும் என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை. எழுதும்போதும் சோதிக்கும்போதும் நான் ஒரே ஆள்.

சனிக்கிழமை காலையில் ஆபீஸுக்குப் போனால் கரண்ட் இல்லை. பன்னிரண்டு மணிக்குத்தான் வருமாம். டிரைவரைப் பிரிண்ட் எடுத்து வைத்திருந்த நீளக் காகிதத்தைத் தரையில் விரித்துவிட்டு, மேலே முட்டி போட்டு உட்கார்ந்தேன். ஜானகிராமன் சார் உள்ளே வந்து பார்த்தார்.

"என்ன வரலட்சுமி, கோலமா?"

"தப்பைத் தேடறேன் சார்."

"யார் தப்பை?"

"தெரிஞ்சா சொல்றேன்."

பதினோரு மணிக்கு அந்த இடத்தில் விரல் நின்றது. என் கார்டில், மன்னிக்கவும், அவர் கார்டில், எட்டு போர்ட்டுக்கும் சேர்த்து ஒரே மணி. எந்தப் போர்ட்டில் எழுத்து வந்தாலும் கார்டு அந்த மணியை அடிக்கும். மணி கேட்டதும் டிரைவர் ஓடிவந்து, ஒன்றிலிருந்து எட்டு வரை ஒரு சுற்றுப் பார்த்து, இருப்பதை எடுத்துக்கொண்டு போய்விடும். ஒரே ஒரு சுற்று. சரி, நானே டிரைவர் என்று வைத்துக்கொண்டு ஒன்றாம் போர்ட்டைப் பார்த்தேன், காலி. இரண்டுக்குப் போனேன், எழுத்து இருக்கிறது. நான் அதை எடுத்து முடிப்பதற்குள், ஏற்கெனவே பார்த்து முடித்த ஒன்றில் ஓர் எழுத்து வந்து விழுந்தால்?

வீட்டுக் காலிங் பெல்லை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் அமுக்கிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் அதே பெல்லின் மேல் விரலை வைக்கிறார். முதல் ஆள் விரலை எடுத்துவிட்டார். பெல் இன்னும் அமுங்கியேதான் இருக்கிறது, ஆகவே புதிதாக ஒரு 'டிங்' கிடையாது. இந்தக் கம்ப்யூட்டருக்குப் புதிய டிங் மட்டும்தான் காதில் விழும். வாசலில் ஒரு ஆள் நின்றபடியே நிற்பார். அவருக்குப் பின்னால் வருகிறவர்களும் நிற்பார்கள். யாராவது வந்து எல்லாவற்றையும் மூடித் திறக்கிற வரைக்கும் எட்டு போர்ட்டும் செத்த மாதிரிதான். அடுத்த ஷிப்ட் சூப்பர்வைசர் வந்து லாகை மூடித் திறக்கிற வரைக்கும்.

பெட்டியிலிருந்து ஒரு வரி கிளம்பி வந்து சேர செகண்டில் மூன்றில் ஒரு பங்குதான் ஆகும். பத்து இரண்டுக்கு ஒன்றும் பத்து ஒன்பதுக்கு ஒன்றுமாக அமுக்குகிறவனுக்கு இந்தக் கோளாறு ஜென்மத்தில் வராது. ஒன்றாக அமுக்குகிறவனுக்குத்தான் வரும், அதுவும் சில நாள் வரும், சில நாள் வராது. ஒழுங்காக வேலை செய்தால் மட்டும் மாட்டிக்கொள்கிற மாதிரி ஒரு டிரைவரை நான் எழுதி வைத்திருக்கிறேன். என் பிள்ளைகள்!

கரண்ட் வந்ததும் எங்களிடம் மீதி இருந்த இரண்டு பெட்டிகளை மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டு கையாலும் ஒரே சமயத்தில் அமுக்கினேன். அமுக்கிக்கொண்டே இருந்தேன். பதினேழாவது தடவை ஸ்க்ரீன் நின்றது. அதற்குப் பிறகு எதை அமுக்கினாலும் வரி இல்லை. கண்டுபிடித்த சந்தோஷத்தில் கத்திவிட்டேன். அடுத்த நிமிஷம் கஜபதியின் முகம் நினைவுக்கு வந்தது, வெட்கமாகப் போயிற்று.

சார் என் தோளுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "புது ஃப்ளாப்பி போட்டுக் குடுத்துடலாம். அப்கிரேடுன்னு சொல்லிக்கலாம். தப்பு கிப்புன்னு வாயைத் திறக்க வேண்டாம்" என்றார்.

"அப்ப கஜபதி?"

புது ஃப்ளாப்பி ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"சார், புதன்கிழமை என்கொயரி. நீங்க வரலேன்னா நான் மட்டும் போய்ச் சொல்லிட்டு வந்துடுவேன். அப்புறம் என்னை வேலையை விட்டு அனுப்பறதுன்னா அனுப்புங்க."

கொஞ்ச நேரம் ஃபேனைப் பார்த்தார். "என் கார்டுல தப்பு இல்லையே?"

"இல்ல சார். முழுக்க என்னுது."

"அப்ப சரி, போகலாம்" என்றார்.

திருத்தியது ஆறே வரி. எட்டு போர்ட்டும் காலி என்று ஒரு முழுச் சுற்று வருகிற வரைக்கும் திரும்பத் திரும்பச் சுற்று; அதற்குப் பிறகுதான் போ. கெர்னலை மறுபடி கட்டி, மெஷினை நிறுத்தி எழுப்பி, இரண்டு கையும் மரத்துப்போகிற வரைக்கும் அமுக்கிப் பார்த்தேன். நிற்கவில்லை.

புதன்கிழமை. ஜம்புலிங்கத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். காலிங் பெல்லையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எனக்கு ஒரு எழவும் புரியல. காமிங்க, பாக்கறேன்" என்றார்.

எல்லோரும் பர்னஸ் ஷாப்புக்குப் போனோம். கம்ப்யூட்டரில் பழைய டிரைவரே இருந்தது. முதலில் கோளாறைக் காட்ட வேண்டும், பிறகு திருத்தியதைப் போட வேண்டும் என்பது என் திட்டம். கஜபதி ஒன்றாம் நம்பரில் நின்றார். இரண்டாம் நம்பரில் நானே நிற்கிறேன் என்று ஜம்புலிங்கம் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். "ஒன், டூ, த்ரீ!" அமுக்கினார்கள். வரி வந்தது. மறுபடி, "ஒன், டூ, த்ரீ!" வந்தது. ஜம்புலிங்கம் த்ரீ என்று சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே ஒருதரம் யோசித்துவிட்டுத்தான் அமுக்குவார். முப்பது தடவை. முப்பதும் ஜோராக வந்தது.

"நல்லாத்தானேம்மா ஓடுது?" என்றார். பின்னால் யாரோ, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது. யாரைச் சொன்னார்கள், என்னையா கஜபதியையா என்று தெரியவில்லை. கோளாறு இருக்கிறது, கண்ணால் பார்த்திருக்கிறேன். இப்போது வரமாட்டேன் என்கிறது. ஒருவேளை நான்தான் தப்பாகப் புரிந்துகொண்டேனா? அந்தக் குழப்பத்தில் எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. பெட்டிகளைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தால் என் இரண்டு கையே போதும் என்பதுகூடத் தோன்றவில்லை.

கஜபதிதான் சொன்னார். "சார், நீங்க கோச்சுக்கப்படாது. உங்களுக்கு வரல. வேம்புலிய இட்டாரேன்."

அவரே யாருடைய வண்டியையோ வாங்கிக்கொண்டு குத்தம்பாக்கம் போனார். இரண்டு மணி நேரம். சார் பேப்பரைப் படித்தார். ஜம்புலிங்கம் சாப்பிட்டுவிட்டு வந்தார். நான் கேட் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர்கள் வந்ததும் செக்யூரிட்டி வேம்புலியை உள்ளே விடமாட்டேன் என்றான். பதினோரு வருஷம் வேலை செய்த இடத்துக்கு அவனுக்கு விசிட்டர் பாஸ் எழுதி வாங்க வேண்டியதாயிற்று.

வேம்புலி ஒல்லியாக, முழங்கால் வரைக்கும் சிமெண்ட் புழுதியோடு இருந்தான். யாரையும் பார்க்கவில்லை. நேரே இரண்டாம் நம்பருக்குப் போய், லுங்கியில் விரலைத் துடைத்துக்கொண்டான்.

"இன்னா அண்ணாத்தே, சும்மா அமுக்குனா போதுமா?"

"எப்பயும் போல அமுக்கு."

"போடு!"

இருபது அடி இடைவெளி. இரண்டு கட்டை விரல். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன், எது முதல், எது பிறகு என்று சொல்ல முடியவில்லை. ஸ்க்ரீனில் இரண்டு வரி, ஒரே செகண்டு.

"போடு!" மறுபடி இரண்டு வரி.

ஒன்பதாவது "போடு"க்கு ஒன்றும் வரவில்லை. சூப்பர்வைசர் ஸ்க்ரீனைத் தட்டினார். ஜம்புலிங்கம் தானே போய் ஒன்றில் அமுக்கினார், இரண்டில் அமுக்கினார். பெட்டியில் விளக்கு எரிந்தது. ஸ்க்ரீனில் வரி இல்லை.

"கஜபதி இப்ப தூங்கறாரா சார்?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்தான். அடக்க முடியவில்லை.

பிறகு புது ஃப்ளாப்பியைப் போட்டு, கெர்னலை மாற்றி, மெஷினை எழுப்பினேன். வேம்புலி இருநூறு தடவை "போடு" சொன்னான். கடைசியில் தொண்டை கட்டிவிட்டது. நானூறு வரி, எண்ணிப் பார்த்தாயிற்று.

ஜம்புலிங்கம் கெட்டவர் இல்லை. உடனே சொல்லிவிட்டார். "சார்ஜ் ஷீட் கேன்சல். கஜபதி, திங்கக்கெழம காலம்பர டூட்டிக்கு வந்துடு." பிறகு வேம்புலி பக்கம் திரும்பி, "சரிப்பா, நீ போலாம்" என்றார்.

"சரிங்க சார்" என்று வேம்புலி கிளம்பிவிட்டான். அவன் அதற்கு மேல் எதையும் எதிர்பார்த்து வந்த மாதிரியே தெரியவில்லை. கஜபதி நகரவில்லை.

"சார், ரெண்டாம் நம்பர்ல யாரு?"

"வேற ஆள் போட்டாச்சு. அதைப் பத்தி உனக்கென்ன?"

"அப்போ நான் தூங்குனதாவே இருக்கட்டும் சார்."

"என்னய்யா உளர்றே?"

"உளறல சார். நான் அமுக்குனேன்னு நீங்க ஒத்துகினா அவனும் அமுக்குனான். அவன் அமுக்கலன்னா நானும் அமுக்கல. ஒரே செகண்டுன்னு மேடமே எழுதிகீறாங்க."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பர்னஸ் சூடு என்று துடைத்துக்கொண்டேன். அந்த வரியை நான் எழுதியது எதற்காக, அந்த மனுஷன் எடுத்து வைத்தது எதற்காக!

ஜம்புலிங்கத்துக்குக் கோபம் வந்தது. பிறகு கோபம் போய் அலுப்பு வந்தது. "கான்ட்ராக்ட் ஆளைத் திருப்பி எடுக்கணும்னா காரணம் வேணும்யா. நான் மேல என்னன்னு எழுதுவேன்? அவன் மேல சார்ஜ் ஷீட்டே கிடையாது, எதைக் கேன்சல் பண்றது? பேப்பர்ல ஒரு காரணம் காட்டு, நான் கையெழுத்துப் போடறேன்." பிறகு என்னைப் பார்த்து, "நீ ரிப்போர்ட்டை முடிச்சுக் குடும்மா, நேரமாச்சு" என்றார்.

அப்போதுதான் எனக்கு என் இரண்டு கையும் ஞாபகத்துக்கு வந்தன. சூப்பர்வைசர் மேஜையில் உட்கார்ந்து எழுதினேன். கோளாறு டிரைவரில் இருந்தது, எழுதியவர் வரலட்சுமி, இப்போது திருத்தப்பட்டது என்று எழுதினேன். முந்தைய ரிப்போர்ட்டில் சொன்ன இணைப்பு எதுவும் இல்லை, அதை நான் திறந்து பார்க்காமலே எழுதினேன் என்று எழுதினேன். கடைசியில் இப்படி:

'மேற்படி டிரைவர் சரியாக இயங்குகிறதா என்று மாதம் ஒருமுறை பரிசோதிக்க வேண்டும். இந்தப் பரிசோதனையை ஒன்றாம் பர்னஸில் திரு. கஜபதியும் இரண்டாம் பர்னஸில் திரு. வேம்புலியும் மட்டுமே செய்ய இயலும். இருவரும் தினமும் சேர்ந்து பணியாற்றினால்தான் இந்தத் திறன் கைவிட்டுப் போகாமல் இருக்கும்.'

ஜம்புலிங்கம் அதை இரண்டு தடவை படித்தார். "இவங்க ரெண்டு பேர் மட்டுமா?"

"ஆமா சார்."

"வேற யாரும் செய்ய முடியாதா?"

"நீங்களே முப்பது தடவை ட்ரை பண்ணிப் பாத்தீங்களே சார்."

அவர் ஜானகிராமன் சாரைப் பார்த்தார். சனிக்கிழமை என் இரண்டு கையையும் பக்கத்தில் நின்று பார்த்த மனுஷன் அவர். கண்ணாடியைக் கழற்றினார், வேட்டி நுனியைத் தேடுகிறவர் மாதிரி பேண்ட்டைத் தடவிவிட்டு, சட்டை நுனியில் துடைத்தார், மாட்டிக்கொண்டார்.

"ரொம்ப கிரிட்டிக்கலான டைமிங் சார் அது" என்றார்.

ஜம்புலிங்கம் கையெழுத்துப் போட்டார். வேம்புலி கேட்டைத் தாண்டுவதற்குள் கஜபதி ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டார். என் பழைய ரிப்போர்ட்டை எடுத்துவிடலாமா சார் என்று ஜம்புலிங்கத்திடம் கேட்டேன். ஃபைலில் போனது போனதுதான் என்றுவிட்டார். இன்றைக்கும் இரண்டும் ஒரே ஃபைலில்தான் இருக்கும். ஒன்றில் பொய்யே கிடையாது. இன்னொன்றில் ஒன்று உண்டு.

திங்கட்கிழமை ஷிப்ட் முடிகிற நேரத்துக்கு நானே போய்ப் பிரிண்ட் அவுட்டை வாங்கினேன். ஆறு முப்பதுக்கு இரண்டு வரி, ஒரே செகண்டு. ஏழுக்கு இரண்டு வரி, ஒரே செகண்டு. ஏழரை தாண்டி எட்டு வந்தது, ஒன்பது வந்தது, மொட்டை எங்கேயும் இல்லை. விரலை வைத்துக் கடைசி வரைக்கும் பார்த்தேன். பன்னிரண்டரைக்கு மட்டும் ஒன்றாம் பர்னஸுக்கும் இரண்டாம் பர்னஸுக்கும் ஒரு செகண்டு வித்தியாசம். எனக்குத் திக்கென்றது. மறுபடியும் டிரைவரா? கை கழுவிக்கொண்டிருந்த கஜபதியிடம் ஓடிப்போய்க் காட்டினேன். ஈரக் கையோடு எட்டிப் பார்த்தார்.

"அதுவா? 'போடு'ன்னு சொல்லிட்டுத் தும்மிட்டான் மேடம்" என்றார்.